சி கோடுக்குள் எஸ்கியூஎல்: பிரீபிராசஸர் பக் திருத்த வருவோர் கேட்கும் கேள்விகள்

சி நிரலுக்கு நடுவே, தரவுத்தளத்திடம் பேசும் மொழியான எஸ்கியூஎல்லை எழுத உதவும் பிரீபிராசஸர் ஒன்றைச் சில வருடங்களாகப் பராமரித்து வருகிறேன். அலுவலகத்துக்குள் மட்டும் புழங்கும் சிறிய கருவி அது. அதில் கை வைக்க வரும் ஒவ்வொருவரும் ஏறக்குறைய இதே சந்தேகங்களோடுதான் வருகிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைக் கீழே வைத்திருக்கிறேன். ஒப்பிட்டுச் சொல்லப் பெரும்பாலும் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற தரவுத்தளத்தோடு வரும் ஈசிபிஜி என்ற பிரீபிராசஸரை எடுத்துக்கொண்டிருக்கிறேன். அதன் மூலநிரல் திறந்தே கிடக்கிறது. சொல்வது சரியா என்று நீங்களே பிரித்துப் பார்த்துவிடலாம்.

1. சி கம்பைலர்தான் இருக்கிறதே, தனியாக ஒரு பிரீபிராசஸர் எதற்கு?

சி கம்பைலருக்கு எஸ்கியூஎல் தெரியாது. 'எக்ஸெக் எஸ்கியூஎல்' என்று தொடங்கி அரைப்புள்ளியில் முடியும் ஒவ்வொரு கட்டளையையும் பிடித்து, அதே வேலையைச் செய்யும் சி ஃபங்ஷன் அழைப்பாக மாற்றித் தருவதுதான் பிரீபிராசஸரின் வேலை. மற்ற சி வரிகள் அப்படியே போகும். ஈசிபிஜியிடம் .பிஜிசி கோப்பைக் கொடுத்தால் சாதாரண .சி கோப்பு வரும். அதைக் கம்பைல் செய்து, ஈசிபிஜி லைப்ரரியோடு லிங்க் செய்தால் நிரல் தயார்.

ஒரு கட்டளை உள்ளே போய் எந்த வடிவில் வெளியே வருகிறது என்று ஒருமுறையாவது பாருங்கள். எந்த வரிசைகள் வேண்டும் என்று சொல்லும் 'வேர்' பகுதியில் முக்காற்புள்ளி வைத்து நீங்கள் எழுதிய ஹோஸ்ட் வேரியபிள் (எஸ்கியூஎல் கட்டளைக்குள் பயன்படுத்தும் சி வேரியபிள்), கட்டளையின் உரைக்குள் $1 ஆகியிருக்கும். உரைக்குப் பின்னால் அந்த வேரியபிளின் ஜாதகமே வரிசையாக நிற்கும்: டைப், முகவரி, எழுத்துச் சரமானால் அதன் அளவு, அரேயில் எத்தனை உறுப்பு, ஓர் உறுப்பிலிருந்து அடுத்ததற்கு எத்தனை பைட். பிறகு, மதிப்பு இல்லாமல் (நல்) வந்ததா என்று சொல்லும் துணை வேரியபிளான இண்டிகேட்டருக்கும் அதே ஐந்து. ஆக, ஒரு வேரியபிளுக்குப் பத்து ஆர்கியூமென்ட். ஸ்ட்ரக்ட் அரேயில் முதல் உறுப்பு சரியாக வந்து இரண்டாவதிலிருந்து குப்பை வருகிறது என்று யாராவது சொன்னால், நான் முதலில் பார்ப்பது அந்த ஐந்தாவது எண்ணைத்தான்.

2. மேலே ஹாஷ் டிஃபைன் போட்டிருக்கிறேன். அந்தப் பெயரே தெரியாதது மாதிரி நடக்கிறது. பக்தானே?

இல்லை. இந்தப் பிரீபிராசஸர் ஓடி முடித்த பிறகுதான் சி-யின் சொந்த பிரீபிராசஸர் ஓடும். ஹாஷ் டிஃபைன், ஹாஷ் இன்க்ளூட் எல்லாம் இதன் கண்ணுக்கு வெறும் சி வரிகள். எஸ்கியூஎல் பக்கத்திலும் அந்தப் பெயர் வேண்டுமென்றால் 'எக்ஸெக் எஸ்கியூஎல் டிஃபைன்' என்று எழுத வேண்டும். டைப் அறிவிப்புகள் இருக்கும் ஹெட்டரை 'எக்ஸெக் எஸ்கியூஎல் இன்க்ளூட்' மூலம் சேர்க்க வேண்டும்.

3. தவறு என் கோடிலா, பிரீபிராசஸரிலா, லைப்ரரியிலா? எப்படிப் பிரிப்பது?

உருவான .சி கோப்பைத் திறந்து படியுங்கள். இதைச் சொன்னால் பலருக்கும் தயக்கம்; மெஷின் எழுதிய கோடு, கண்ணைக் கட்டும் என்று. நூறு வரி படித்தால் பழகிவிடும். நீங்கள் எழுதிய கட்டளையும் அந்த அழைப்பும் பொருந்தவில்லை என்றால் தவறு பிரீபிராசஸரில். பொருந்தியும் ஓடும்போது தவறான மதிப்பு வந்தால் லைப்ரரியையோ உங்கள் கோடையோ பாருங்கள்.

அந்த இரண்டாவது நிலையில், ஈசிபிஜியில் 'ஈசிபிஜிடீபக்' என்ற ஃபங்ஷன் கைகொடுக்கும். முதல் ஆர்கியூமென்ட் பூஜ்யமல்லாத எண், இரண்டாவது லாக் எழுத வேண்டிய கோப்பு. சர்வருக்குப் போன கட்டளை, அதோடு போன மதிப்புகள், திரும்பி வந்தவை எல்லாம் அதில் விழும். உண்மையான தரவோடு ஓட்டினால் அந்த லாக் கோப்பில் அந்தரங்கத் தகவலும் விழும். வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

4. கம்பைலர் 212-ம் வரியில் தவறு என்கிறது. அங்கே ஒன்றுமே இல்லையே?

பிரீபிராசஸர் தன் வெளியீட்டுக்கு நடுநடுவே '#லைன்' என்ற வரிகளை வைக்கிறது. 'இனி வருவது அந்த மூலக் கோப்பின் இத்தனாவது வரி' என்று கம்பைலருக்குச் சொல்லும் குறிப்பு அது. அதனால்தான் கம்பைலர் .சி கோப்பின் வரி எண்ணை விட்டுவிட்டு உங்கள் .பிஜிசி கோப்பின் எண்ணைச் சொல்கிறது. உருவான கோப்பிலேயே இடத்தைப் பார்க்க வேண்டுமா? ஒரு நகலெடுத்து, #லைன் வரிகளை எல்லாம் நீக்கிவிட்டு, அந்த நகலைக் கம்பைல் செய்யுங்கள்.

எண் ஒன்றிரண்டு தள்ளிப்போகிறது என்றால் அது பெரும்பாலும் உண்மையான பக்தான். பல வரிக்கு நீளும் கமென்ட் அல்லது சரத்தை விழுங்கும் விதி ஏதோ ஒன்றில், வரி எண்ணை ஏற்ற மறந்திருப்பார்கள். லெக்ஸரை (நிரலைச் சொல் சொல்லாகப் பிரிக்கும் பகுதியை) உருவாக்கித் தரும் ஃப்ளெக்ஸ் கருவியில் 'ஒய்ஒய்லைன்நோ' வசதியைப் போட்டுவிட்டால் எண்ணும் வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். ஈசிபிஜி அப்படித்தான் செய்கிறது. கையால் எண்ணும் கோடைப் பார்த்தால் தயங்காமல் தூக்கிவிடுங்கள்.

5. திடீரென்று 'எக்ஸெக் என்ற டைப் பெயர் தெரியவில்லை' என்கிறது கம்பைலர். நேற்றுவரை ஓடிய கோப்பு இது!

நிறையப் பேர் கேட்டதும், எனக்கு நிறையக் கற்றுக்கொடுத்ததும் இந்தக் கேள்விதான். கம்பைலர் கண்ணில் 'எக்ஸெக்' பட்டதென்றால் பிரீபிராசஸர் அந்தக் கட்டளையை மாற்றாமல் கோட்டை விட்டிருக்கிறது என்று பொருள். எங்களிடம் வந்த கோப்பில் புதிதாகச் சேர்ந்திருந்தது ஒரே ஒரு கமென்ட்:

/* பழைய வழி: /* இப்போது தேவையில்லை */
எக்ஸெக் எஸ்கியூஎல் கமிட்;

சி-யில் கமென்ட்டுக்குள் கமென்ட் கிடையாது. முதலில் வரும் */ எல்லாவற்றையும் மூடிவிடும். எஸ்கியூஎல்லில், அதாவது எஸ்கியூஎல் தரநிலையிலும் போஸ்ட்கிரெஸ்கியூஎல்லிலும், கமென்ட்டுக்குள் கமென்ட் உண்டு. இரண்டு முறை திறந்தால் இரண்டு முறை மூட வேண்டும். எங்கள் லெக்ஸர் சி பகுதியில் இருக்கும்போதும் எஸ்கியூஎல் விதிப்படி ஆழத்தை எண்ணிக்கொண்டிருந்தது. இரண்டு திறப்பு, ஒரு மூடல். ஆகவே அதன் கணக்கில் கமென்ட் இன்னும் முடியவில்லை. அடுத்து வந்த ஒழுங்கான கமென்ட்டுகளும் உதவவில்லை. ஒவ்வொன்றும் ஆழத்தை ஒன்று ஏற்றி ஒன்று இறக்குகிறது, கணக்கு பழைய இடத்திலேயே நிற்கிறது. அந்த வரியிலிருந்து கோப்பின் கடைசி வரை மொத்தமும் கமென்ட் என்று நினைத்து, வந்ததை வந்தபடியே வெளியே எழுதிவிட்டது.

அப்படியென்றால் கோப்பு முடிந்தபோது 'மூடாத கமென்ட்' என்று கத்தியிருக்க வேண்டாமா? வேண்டும். அந்த விதியே எங்கள் லெக்ஸரில் இல்லை. அதுதான் இரண்டாவது பக். அது முதலாவதை மூடி மறைத்திருந்தது. பிரீபிராசஸர் எந்தச் சத்தமும் இல்லாமல், வெற்றி என்ற குறியோடு வேலையை முடித்துக்கொண்டது. ஒரு பக்கைத் தேடிப் போகும்போது 'இதை நமக்கு ஏன் யாரும் சொல்லவில்லை' என்றும் கேட்டுப் பாருங்கள். பக்கத்திலேயே இன்னொன்று உட்கார்ந்திருக்கும்.

6. சரி, அதை எப்படித் திருத்தினீர்கள்?

கமென்ட்டுக்குள் நுழையும் முன் எந்த நிலையில் இருந்தோம், சியா எஸ்கியூஎல்லா என்று லெக்ஸர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எஸ்கியூஎல்லிலிருந்து வந்திருந்தால் ஆழத்தை எண்ணு. சி-யிலிருந்து வந்திருந்தால் முதல் */ வந்ததும் வெளியேறு. கூடவே, கமென்ட் நிலையில் கோப்பு முடிந்தால் தொடங்கிய வரி எண்ணோடு பிழை சொல்லி நிறுத்து. திருத்தம் மொத்தமும் பத்துப் பதினைந்து வரிதான்.

ஈசிபிஜியின் லெக்ஸர் கோப்பான பிஜிசி.எல்லில் இதே நினைவு வைக்கும் ஏற்பாட்டைப் பார்க்கலாம். நான் கவனிக்காமல் விட்டிருந்த இன்னொரு நுணுக்கமும் அங்கே இருக்கிறது. எஸ்கியூஎல் பகுதியில் வரும் கமென்ட்டை அது .சி கோப்பிலும் எழுதுகிறது. உள்ளே இன்னொரு கமென்ட் இருந்தால் அதை அப்படியே எழுத முடியாது. படிக்கப்போவது சி கம்பைலர், அது முதல் */-லேயே வெளியே வந்துவிடும். அதனால் உள்கமென்ட்டின் திறப்பை /_* என்றும், மூடலை *_/ என்றும் நடுவில் ஓர் அடிக்கோடு போட்டு எழுதுகிறது. உள்ளே வாங்கும்போது ஒரு மொழியின் விதி, வெளியே கொடுக்கும்போது இன்னொரு மொழியின் விதி. இந்த வகைக் கருவியில் நான் பார்த்த பக்குகளில் பெரும்பாலானவை இந்த எல்லைக்கோட்டில்தான் விழுந்து கிடந்தன.

7. ரெகுலர் எக்ஸ்பிரஷன் வைத்து முக்காற்புள்ளியைத் தேடினால் போதாதா? லெக்ஸர், அது தரும் சொற்களை இலக்கணப்படி சேர்த்துப் பார்க்கும் பார்சர் எல்லாம் தேவையா?

தேவை. 'குறிப்பு:அவசரம்' என்று ஒற்றை மேற்கோளுக்குள் ஒரு சரம் இருந்தால் உங்கள் தேடல் 'அவசரம்' என்ற ஹோஸ்ட் வேரியபிளைக் கண்டுபிடித்துவிடும். போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் டைப் மாற்ற இரட்டை முக்காற்புள்ளி எழுதுவார்கள். அதில் பாதியைப் பிடித்துக்கொள்ளும். அரேயில் ஒரு துண்டை வெட்டியெடுக்கவும் அடைப்புக்குள் முக்காற்புள்ளிதான் வரும்.

மேற்கோள் குறிகளே போதும், தலை சுற்ற. ஒற்றை மேற்கோள் சி-யில் ஓர் எழுத்து, எஸ்கியூஎல்லில் முழுச் சரம். இரட்டை மேற்கோள் சி-யில் சரம், எஸ்கியூஎல்லில் ஒரு பெயர். இரண்டு கழித்தல் குறி சி-யில் ஒன்றைக் குறைக்கும், எஸ்கியூஎல்லில் கமென்ட் தொடங்கும். பின்சாய்கோட்டைப் பாருங்கள்: 'பாதை\' என்ற சரம் எஸ்கியூஎல் தரநிலைப்படி அந்தக் கடைசி மேற்கோளிலேயே முடிந்துவிட்டது, போஸ்ட்கிரெஸ்கியூஎல்லும் 9.1 பதிப்பிலிருந்து முன்னிருப்பாக அப்படித்தான் படிக்கிறது. சி கண்ணோடு படிக்கும் லெக்ஸருக்கோ அது மேற்கோளைத் தப்பவிட்ட குறி, சரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. சரி, எஸ்கியூஎல் விதிப்படியே படித்துவிட்டீர்கள். இனி அதை ஒரு சி சரத்துக்குள் வைத்து எழுத வேண்டும், இப்போது அந்தப் பின்சாய்கோட்டை இரண்டாக்க வேண்டும். 6-ம் பதிலில் சொன்ன உள்ளே, வெளியே கதைதான் இங்கேயும்.

8. 'வென்எவர்' ஒரு ஃபங்ஷனில் போட்டால் இன்னொரு ஃபங்ஷனையும் பாதிக்கிறது. இதைத் திருத்தலாமா?

திருத்தாதீர்கள். பிழை போன்றவை வந்தால் என்ன செய்வது என்று சொல்லும் 'வென்எவர்', ஓடும் வரிசையைப் பார்ப்பதில்லை, கோப்பில் எழுதியிருக்கும் வரிசையைப் பார்க்கிறது. அந்த வரிக்குக் கீழே, அதே நிலைக்கான அடுத்த 'வென்எவர்' வரும்வரை, ஒவ்வொரு அழைப்புக்குப் பின்னாலும் ஓர் 'இஃப்' சோதனையைச் சேர்த்துக்கொண்டே போகும். உருவான கோப்பில் பார்த்தால் உடனே புரிந்துவிடும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. பிழை வந்தால் ஒரு லேபிளுக்குத் தாவச் சொல்லிவிட்டு, அந்த லேபிளுக்குக் கீழே 'ரோல்பேக்' எழுதியிருப்பார்கள். தொடர்பே அறுந்திருந்தால் ரோல்பேக்கும் தோற்கும், தோற்றதும் அதே லேபிளுக்குத் தாவும், முடிவில்லாமல் சுற்றும். 'பிரீபிராசஸர் தொங்கிவிட்டது' என்று என்னிடம் வந்த புகார்களில் இதுவும் ஒன்று. லேபிளுக்கு அடுத்த வரியிலேயே, பிழை வந்தால் 'கன்டின்யூ' என்று ஒரு வென்எவர் போட்டுவிடுங்கள்.

9. டிக்ளேர் கர்சர் எழுதிய இடத்தில் வேரியபிளுக்கு ஒரு மதிப்பு, ஆனால் கர்சர் வேறு மதிப்பை எடுத்துக்கொள்கிறது.

கர்சர் என்பது வினவலின் விடையை வரிசை வரிசையாக எடுக்க உதவுவது. அதை அறிவிக்கும் டிக்ளேர் வரியில் சர்வருக்கு எதுவும் போவதில்லை. ஈசிபிஜி அந்த இடத்தில் ஒரு கமென்ட்டை மட்டும் எழுதிவிட்டு, உண்மையான கட்டளையை 'ஓப்பன்' வரியில் அனுப்புகிறது. அதனால் ஓப்பன் ஆகும் நேரத்தில் வேரியபிளில் என்ன இருக்கிறதோ அதுதான் போகும்.

அந்தக் கமென்ட்டிலும் எங்கள் 5-ம் கேள்வியின் நிழல் விழுகிறது. கர்சரின் கட்டளைக்குள் ஏதாவது சரத்தில் */ இருந்தால் கமென்ட் பாதியில் உடைந்துவிடுமே? ஈசிபிஜி அந்த இரண்டு குறிகளையும் இரண்டு புள்ளிகளாக மாற்றி எழுதுகிறது. யாரோ ஒருவர் இதில் அடிபட்டுத்தான் அந்த வரியை எழுதியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

10. நல் (மதிப்பே இல்லை என்ற நிலை) வந்தால் மைனஸ் 213 என்ற பிழைக் குறியீடு வருகிறது.

இண்டிகேட்டர் வேரியபிள் கொடுக்கவில்லை. நல் என்று சொல்ல லைப்ரரிக்கு வேறு இடம் இல்லை. கொடுங்கள், நல் வரும்போது அதில் எதிர்ம எண் வரும்.

11. சர்வர் ஏற்றுக்கொள்ளும் கட்டளையை பிரீபிராசஸர் 'சின்டாக்ஸ் எரர்' என்கிறது. இலக்கணக் கோப்பில் நானே சேர்த்துவிடவா?

முதலில் பதிப்பைப் பாருங்கள். சர்வர் புதிது, பிரீபிராசஸர் பழையது என்றால் புதிய கட்டளை அதற்குத் தெரியாது. அவசரத்துக்கு, கட்டளையை ஒரு சி சரமாக எழுதி 'எக்ஸிக்யூட் இம்மீடியட்' அல்லது 'ப்ரிப்பேர்' மூலம் அனுப்பலாம். சரத்துக்குள் இருப்பதை பிரீபிராசஸர் அலசுவதில்லை.

பதிப்பு ஒன்றுதான், இருந்தும் தவறென்றால் திருத்த வேண்டியதுதான். ஆனால் எந்தக் கோப்பில் என்பதில் கவனம். ஈசிபிஜியில் ப்ரீப்ராக்.ஒய் என்ற பெரிய இலக்கணக் கோப்பைத் திறந்து அதில் எழுதிவிடுவார்கள். அடுத்த பில்டில் எழுதியது காணாமல் போகும். அது கையால் எழுதிய கோப்பு இல்லை. சர்வரின் சொந்த இலக்கணமான கிராம்.ஒய்யிலிருந்து ஒரு பெர்ல் ஸ்கிரிப்ட் அதை உருவாக்குகிறது. சர்வரும் பிரீபிராசஸரும் ஒரே இலக்கணத்தில் நிற்பதற்காக இந்த ஏற்பாடு; எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு. ஈசிபிஜிக்கு மட்டும் வேண்டியவை ஈசிபிஜி.ஆடான்ஸ், ஈசிபிஜி.ட்ரெய்லர் போன்ற தனிக் கோப்புகளில் இருக்கின்றன. உங்கள் திருத்தம் அங்கே போக வேண்டும்.

12. ஒரே கோப்பு, ஒருமுறை சரியாக வருகிறது, இன்னொரு முறை பெயர்கள் எல்லாம் குழம்பி வருகின்றன. பேய் பிடித்ததா?

நினைவகத்தில் தேடுங்கள். ஃப்ளெக்ஸ் கண்டெடுத்த சொல்லை 'ஒய்ஒய்டெக்ஸ்ட்' என்ற இடத்தில் காட்டும். அது அடுத்த சொல்லைப் படிக்கும்வரைதான் செல்லும். நகலெடுக்காமல் அந்தச் சுட்டியை மட்டும் பார்சருக்குக் கொடுத்துவிட்டால், பார்சர் ஒரு சொல் முன்கூட்டிப் பார்த்த உடனே பழைய பெயர் இருந்த இடம் மாறியிருக்கும். முன்கூட்டிப் பார்க்கத் தேவையில்லாத விதியில் அதே கோடு பிசகாமல் ஓடும். அதனால்தான் சில கட்டளைகளில் மட்டும் குழப்பம்.

நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரோடு பில்ட் செய்து ஓட்டினால் இந்த வகைத் தவறுகளில் பல சில நிமிடத்தில் பிடிபடும். நினைவகக் கசிவைப் பற்றி நான் அவ்வளவு கவலைப்படுவதில்லை. ஒரு கோப்பை மாற்றிவிட்டு முடிந்துபோகும் நிரல் இது. விடுவித்த இடத்தைத் திரும்பத் தொடுவதை மட்டும் ஒருநாளும் விட்டுவைக்கக் கூடாது.

13. லெக்ஸரில் ஒரு வரிதான் மாற்றினேன். சோதனைகள் கொத்தாகத் தோற்கின்றன!

பதற வேண்டாம், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எதிர்பார்ப்புக் கோப்புகளை மாற்றி எழுதவும் வேண்டாம். ஈசிபிஜியின் சோதனைகள் ஒவ்வொன்றுக்கும் மூன்று கோப்புகளை ஒப்பிடுகின்றன: உருவான .சி கோப்பு, நிரல் ஓடியபோது திரையில் வந்தது, பிழை வழியில் வந்தது. வெளியீட்டில் ஓர் இடைவெளி மாறினால்கூட .சி ஒப்பீடு தோற்கும்.

நான் செய்வது இது. வித்தியாசங்களை ஒவ்வொன்றாகப் படிப்பேன். .சி மட்டும் மாறி, ஓடிய விளைவு மாறாவிட்டால், மாற்றம் நான் எண்ணியதுதானா என்று மட்டும் உறுதி செய்வேன். ஓடிய விளைவே மாறியிருந்தால் அங்கே நிறுத்தி, காரணம் புரியும்வரை நகர மாட்டேன். அப்புறம் இந்த பக்குக்கென்று புதிய சோதனை ஒன்று. 5-ம் கேள்வியின் பக்குக்கு நான் சேர்த்தவை இரண்டு: அந்த இரண்டு வரிக் கோப்பு ஒன்று, மூடாத கமென்ட்டோடு முடியும் கோப்பு ஒன்று. இரண்டாவதில் பிரீபிராசஸர் தோற்றால்தான் சோதனை வெற்றி. திருத்தத்தை எடுத்துவிட்டு ஓட்டினால் இரண்டும் தோற்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள். பலரும் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள்.

14. பழைய தவறான நடத்தையை நம்பியே சிலர் கோடு எழுதியிருந்தால்?

இதற்கு ஒரே பதில் கிடையாது. 5-ம் கேள்வியின் பக் மாதிரி, முன்பு கம்பைலே ஆகாதது இப்போது ஆகிறதென்றால் யாருக்கும் நஷ்டமில்லை. பழைய பதிப்புகளுக்கும் கொண்டுபோகலாம். போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் 5 வருட ஆதரவு உண்டு, இப்படிப்பட்ட திருத்தங்கள் ஆதரவில் உள்ள பழைய கிளைகளுக்கும் போகின்றன.

முன்பும் கம்பைல் ஆனது, இப்போதும் ஆகிறது, ஆனால் வரும் மதிப்பு வேறு என்றால் கையை இழுத்துக்கொள்ளுங்கள். அதை அடுத்த பெரிய பதிப்புக்கு வைக்கலாம், அல்லது கேட்டால் மட்டும் கிடைக்கும் விருப்பமாக்கலாம். ஈசிபிஜி இரண்டாவது வழியை நிறையப் பயன்படுத்துகிறது. இன்ஃபார்மிக்ஸ் என்ற வேறொரு தரவுத்தளத்தின் பிரீபிராசஸர் போல நடக்கும் இன்ஃபார்மிக்ஸ் முறை வெகுகாலமாக இருக்கிறது. 2018-ல் வெளியான 11-ம் பதிப்பில் ஆரக்கிள் முறையும் வந்தது. அந்த முறையைக் கேட்டு வாங்கினால், எழுத்து அரேக்களின் மிச்ச இடம் வெற்றிடத்தால் நிரப்பப்பட்டு வரும். கேட்காதவர்களுக்கு எதுவும் மாறாது. எங்கள் கருவியில், ஆழக் கணக்கைத் திருத்தும் முன் மூடாத கமென்ட் பிழையை மட்டும் சேர்த்துப் பார்த்தபோது, வருடக்கணக்காக ஓசையின்றிக் கம்பைல் ஆகிவந்த இரண்டு கோப்புகள் தோற்றன. கடைசிக் கட்டளைக்கும் கீழே, யாரும் கவனிக்காத அடிக்குறிப்பில், உள்கமென்ட் திறந்தே கிடந்தது. அந்தக் கோப்புகளின் பொறுப்பாளரிடம் முன்பே சொல்லி, அவற்றைச் சரிசெய்த பிறகுதான் புதிய பதிப்பை வெளியிட்டேன்.